வாங்கிய விளையாட்டுக்கு வட்டி கட்டுவதா?



'வீடியோ கேமில் கூடுதல் கட்டணம்: வசதியா, வஞ்சனையா?' என்பது இன்றைய தலைப்பு. இப்படியொரு தலைப்பு வந்தால் வழக்கமாக இரண்டு தரப்பினரின் குரல்தான் கேட்கும். ஒருவர், இரவு பகல் பாராமல் விளையாடும் தீவிர ரசிகர். மற்றவர், இந்த விளையாட்டெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சொல்லும் பெரியவர். இந்த இருவருக்கும் நடுவில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஓய்வுநேர ஆட்டக்காரர்.

திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. சனிக்கிழமை வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் விளையாட்டு. வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று கேம் வாங்குவார். போட்டியில் முதலிடம் வர வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. பிளேஸ்டேஷனோ, எக்ஸ்பாக்ஸோ, நிண்டெண்டோவோ, கடையில் பணத்தைக் கட்டி வாங்கி வந்தால் அன்றைக்கே விளையாட வேண்டும், அவ்வளவுதான். அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. இன்னும் எதற்குக் காசு?"

இந்தக் கேள்விக்கு நியாயமான பதிலும் உண்டு, நியாயமற்ற பதிலும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் இன்றைய குழப்பத்துக்குக் காரணம்.

சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார் ஒருவர். கூடுதலாக ஒரு முட்டை கேட்டால் கூடுதலாகக் காசு கேட்பார்கள். அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால், குழம்பில் வேண்டுமென்றே உப்பைப் போடாமல் பரிமாறிவிட்டு, "உப்பு வேண்டுமானால் தனிக்காசு" என்றால் கடையில் இருப்பவர் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். முட்டைக்குக் காசு கேட்பது வியாபாரம். உப்புக்குக் காசு கேட்பது வஞ்சனை. வீடியோ கேமில் விற்கப்படும் கூடுதல் சரக்கு ஒவ்வொன்றையும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

குதிரைக்குக் கவசம் வந்த கதை

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. நிண்டெண்டோ 1983-இல் தன் ஃபேமிகாம் கருவியை ஜப்பானில் வெளியிட்டபோதும், சோனி 1994-இல் முதல் பிளேஸ்டேஷனை வெளியிட்டபோதும், விளையாட்டு ஓர் அட்டைப் பெட்டியிலோ குறுந்தட்டிலோ முழுதாக வந்தது. கடையை விட்டு வெளியே வந்த பிறகு வாங்கியவருக்கும் விற்றவருக்கும் கொடுக்கல் வாங்கல் முடிந்தது. குறை இருந்தாலும் அதோடு சரி, நிறை இருந்தாலும் அதோடு சரி.

கருவிக்குள் இணையமும் சேமிப்புத் தட்டும் வந்தபோது நிலைமை மாறியது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 நவம்பர் 2005-இல் வந்தது. அதில் இருந்த இடத்திலிருந்தே பொருள் வாங்கும் இணையச் சந்தை இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'ஆப்லிவியன்' என்ற விளையாட்டை வெளியிட்ட பெதெஸ்டா நிறுவனம், அந்த விளையாட்டில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தை விற்றது. விலை இரண்டரை அமெரிக்க டாலர். கவசம் பார்க்க அழகாக இருக்கும். மற்றபடி கதையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ரசிகர்கள் கேலி செய்தார்கள். இன்றுவரை 'குதிரைக் கவசம்' என்றாலே வேண்டாத கூடுதல் சரக்குக்குப் பெயர் என்று ஆகிவிட்டது.

ஆனால், கேலி செய்தவர்களில் பலர் வாங்கவும் செய்தார்கள். வியாபாரிகள் கேலியைக் கணக்கில் எடுப்பதில்லை, கல்லாவைத்தான் எண்ணுவார்கள். 2025-இல் அதே விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் வந்தபோது, பழைய கவசம் விளையாட்டோடு சேர்ந்தே வந்தது. கூடுதல் விலைப் பதிப்பிலோ புதிய குதிரைக் கவசம் வைக்கப்பட்டிருந்தது!

அந்தக் கவசத்தை விற்ற முறையில் இன்னொரு தந்திரமும் இருந்தது. விலை டாலரில் எழுதப்படவில்லை, 200 'மைக்ரோசாஃப்ட் புள்ளிகள்' என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு டாலருக்கு 80 புள்ளிகள். புள்ளிகளைக் கட்டுக்கட்டாகத்தான் வாங்க முடியும். செலவழித்தது போக மீதி கணக்கில் தங்கிவிடும். தங்கியதைத் தீர்க்க இன்னொன்று வாங்கத் தோன்றும். மைக்ரோசாஃப்ட் 2013-இல் அந்தப் புள்ளி முறையைக் கைவிட்டு நேரடியாகப் பண விலைக்கு மாறியது. ஆனால், தனித்தனி விளையாட்டுகளுக்குள் பொன், வைரம், நாணயம் என்று வேறு வேறு பெயர்களில் அதே வழக்கம் இன்றும் நடக்கிறது. ரிங்கிட்டிலோ வெள்ளியிலோ விலை போட்டிருந்தால் ஓய்வுநேர ஆட்டக்காரர் ஒரு நொடி யோசிப்பார். வைரத்தில் போட்டிருந்தால் யோசிக்கமாட்டார். அந்த ஒரு நொடியைத் திருடுவதற்குத்தான் இத்தனை நாணயங்கள்.

நேரத்தை விற்கும் கடை

குதிரைக் கவசத்தையாவது வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். அதைவிடப் பெரிய விவகாரம் 2017-இல் வெடித்தது.

'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' என்ற விளையாட்டை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. விலை 60 டாலர். ஸ்டார் வார்ஸ் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர்கள் லூக் ஸ்கைவாக்கரும் டார்த் வேடரும். அந்த இருவரும் பூட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவரைத் திறக்க 60,000 நாணயங்கள் வேண்டும். அந்த நாணயங்களைச் சேர்க்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும் என்று ஒரு ரசிகர் கணக்குப் போட்டார். இன்னொரு பக்கம், காசு கொடுத்தால் அதிர்ஷ்டப் பெட்டிகளை வாங்கி வேகமாக முன்னேறலாம்.

இங்கேதான் ஓய்வுநேர ஆட்டக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தீவிர ரசிகருக்கு 40 மணி நேரம் ஒரு வாரம். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றரை வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் விளையாடுபவருக்கோ இருபது வாரம், அதாவது ஏறக்குறைய ஐந்து மாதம்! நவம்பரில் வாங்கிய விளையாட்டில் டார்த் வேடரைப் பார்க்கச் சித்திரை பிறக்க வேண்டும். அவருக்குப் பொறுமை இருக்கலாம், நேரம்தான் கிடையாது. அந்த இல்லாமையைத்தான் கடைக்காரர் விலை பேசுகிறார்.

நிறுவனம் தன் பக்கத்து நியாயத்தை எழுதியது. பாடுபட்டுத் திறந்தால் ஆட்டக்காரருக்குப் பெருமிதமும் சாதனை உணர்வும் கிடைக்கும் என்பது அதன் விளக்கம். ரெடிட் இணையத்தளத்தில் எழுதப்பட்ட அந்தப் பதிலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் விழுந்தன. அந்தத் தளத்திலேயே மிக அதிகமான எதிர்ப்பைப் பெற்ற பதில் என்று அது கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. நிறுவனம் நாணய அளவை 60,000-இலிருந்து 15,000-ஆகக் குறைத்தது. விளையாட்டு வெளியாவதற்கு முதல் நாள், உள்ளே காசு வாங்கும் வசதியையே நிறுத்தியது. 2018 மார்ச்சில் எல்லா நாயகர்களையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

"வேண்டாம் என்றால் வாங்காதே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று எதிர்த்தரப்பினர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் விளையாட்டு செய்தவர்களின் வாயிலிருந்தே வந்திருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த 'ஷேடோ ஆஃப் வார்' என்ற விளையாட்டிலும் காசுக்குப் பெட்டிகள் விற்கப்பட்டன. அதை உருவாக்கிய மோனோலித் நிறுவனம் அடுத்த ஆண்டு அந்தச் சந்தையை மூடியது. விளையாட்டின் உயிராக இருந்த அம்சத்தை அந்தச் சந்தை பலவீனப்படுத்தியதாக அவர்களே அறிவித்தார்கள். ஆக, வாங்காதவரும் பாதிக்கப்பட்டார். உப்பு விற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், குழம்பை உப்பில்லாமல்தான் வைக்க வேண்டியிருக்கும். அந்தக் குழம்பைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் என்ன?

அடுத்தது அதிர்ஷ்டப் பெட்டி. ஆங்கிலத்தில் லூட் பாக்ஸ் என்கிறார்கள். காசு கொடுத்து ஒரு பெட்டியையோ பொட்டலத்தையோ வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று திறந்த பிறகுதான் தெரியும்.

காற்பந்து ரசிகர்கள் உள்ள வீடுகளில் இது புதிய செய்தியன்று. ஃபிஃபா விளையாட்டில் 2009-இல் 'அல்டிமேட் டீம்' என்ற பகுதி அறிமுகமானது. அட்டைப் பொட்டலங்களைத் திறந்து, வரும் ஆட்டக்காரர்களை வைத்து அணி அமைக்க வேண்டும். மெஸ்ஸியும் வரலாம், பெயர் தெரியாத மாற்று ஆட்டக்காரரும் வரலாம். விளையாடிச் சேர்த்த நாணயத்திலும் பொட்டலம் வாங்கலாம், உண்மைப் பணத்திலும் வாங்கலாம். 2021 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில், இந்த ஒரு வகையில் மட்டும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஈட்டிய வருமானம் 160 கோடி டாலருக்கு மேல். அந்த நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் கால்பங்குக்கும் அதிகம்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்த விளையாட்டு ஆண்டுதோறும் புதிதாக வரும். 2023 முதல் பெயர் 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' என்று மாறியது, வழக்கம் மாறவில்லை. இந்த ஆண்டு சேர்த்த ஆட்டக்காரர் அட்டைகள் அடுத்த ஆண்டுப் பதிப்புக்கு வராது. பிள்ளை பன்னிரண்டு மாதம் சேர்த்த அணி பழைய பதிப்போடு தங்கிவிடும். புதிய பதிப்பில் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இது சூதாட்டமா, இல்லையா? நாடுகளே இதில் ஒன்றுபடவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில், ஃபிஃபா 18 உள்ளிட்ட மூன்று விளையாட்டுகளின் கட்டணப் பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று அறிவித்தது. 2019 ஜனவரி இறுதியோடு ஃபிஃபா புள்ளிகளின் விற்பனை அங்கே நின்றது. பக்கத்து நாடான நெதர்லாந்து அதே நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆனால், 2022 மார்ச்சில் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் அது சூதாட்டம் ஆகாது என்று அபராதத்தை ரத்து செய்தது. ஆஸ்திரேலியாவோ நடுவழியில் போனது. 2024 செப்டம்பர் முதல், கட்டணப் பெட்டிகள் உள்ள புதிய விளையாட்டுகளுக்குக் குறைந்தது 'எம்' தரச் சின்னம் தரப்படுகிறது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்பது அதன் பொருள்.

வழக்கறிஞர்கள் வாதாடட்டும். பெற்றோருக்கு வேண்டியது சட்ட விளக்கம் இல்லை. நாலு நம்பர் கடையில் பத்து வயதுப் பிள்ளை போய்ச் சீட்டுக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். அதே பிள்ளை வரவேற்பறையில் அமர்ந்து, என்ன வரும் என்று தெரியாத பொட்டலத்துக்கு அப்பாவின் கிரெடிட் கார்டில் காசு கட்டினால் தடுக்க ஆளில்லை. பெட்டி திறக்கும்போது வெளிச்சம், இசை, வாணவேடிக்கை. "இன்னும் ஒன்று, இந்த முறை கண்டிப்பாக வரும்" என்று பிள்ளை சொல்கிறதே, அந்த வாக்கியத்தை அது எங்கே கற்றது? அதைச் சொல்லிச் சொல்லி வீட்டை அடகு வைத்தவர்களை இந்தச் சமுதாயம் பார்த்திருக்கிறது. சூதுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், அதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரையோடு ஒப்பிட்டார். இரை கிடைத்ததே என்று மீன் மகிழும். அந்த மகிழ்ச்சிதான் பிரச்சினை.

எல்லோரும் கெட்டவர்கள் இல்லை

எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் பெரிய விளையாட்டுகளின் விலை 2005 முதல் 2020 வரை 60 டாலரிலேயே நின்றது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அரிசி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, விளையாட்டைத் தயாரிக்கும் செலவு பல மடங்கு ஏறியது. பற்றாக்குறையை எங்காவது ஈடுகட்டத்தானே வேண்டும் என்கிறார்கள். சரி. ஆனால், 2020-க்குப் பிறகு விலை 70 டாலர் ஆனது. அதன் பிறகாவது பெட்டிகளும் நாணயங்களும் குறைந்தனவா என்றால், இல்லை.

கூடுதல் காசுக்குக் கூடுதல் பொருளை நேர்மையாகத் தந்தவர்களும் இருக்கிறார்கள். போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-இல் 'விட்ச்சர் 3' விளையாட்டை வெளியிட்டது. வெளியிட்ட பிறகு பதினாறு சிறு சேர்க்கைகளை இலவசமாகவே கொடுத்தது. காசு கேட்டது இரண்டு பெரிய பாகங்களுக்கு மட்டும்தான். ஒவ்வொன்றும் தனிக்கதை, மணிக்கணக்கில் விளையாடலாம்.

குடும்பத்தோடு விளையாடுபவர்களுக்குத் தெரிந்த இன்னோர் எடுத்துக்காட்டு, நிண்டெண்டோவின் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்'. வாங்கும்போதே 48 பந்தயத் தடங்கள் இருந்தன. 2022 முதல் 2023 வரை ஆறு தவணைகளில் இன்னும் 48 தடங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை, ஏறத்தாழ 25 டாலர். எத்தனை தடம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி தந்தார்கள். வாங்காதவரின் 48 தடங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஓய்வுநேர ஆட்டக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார். பிள்ளைகளின் விடுமுறைக்கு மகிழ்ச்சியோடு வாங்குவார். இது முட்டை, உப்பில்லை.

சொந்தமா, வாடகையா?

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. காசு கொடுத்தது உண்மையிலேயே கைக்கு வந்ததா?

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'த க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2014 டிசம்பரில் வந்தது. அதை விளையாட எப்போதும் இணைய இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுவனம் அதன் சேவைக் கணினிகளை நிறுத்தியது. கடையில் குறுந்தட்டாக வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவரும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. அதில் கூடுதலாக வாங்கிய கார்களும் அதோடு போயின. பழைய நிண்டெண்டோ அட்டைப் பெட்டியைத் தூசு தட்டிப் போட்டால் நாற்பது ஆண்டு கழித்தும் ஓடுகிறது. பத்து ஆண்டுகூட ஆகாத குறுந்தட்டு ஓடவில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் இதற்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. விற்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும்தான் என்றால், 'வாங்குங்கள்' என்ற சொல்லைச் சும்மா போடக் கூடாது, உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வாடகைக்கு வாடகை என்று பெயர் வைத்தாலே போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளைகளையே குற்றம் சொல்லிப் பயனில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கையைப் பாருங்கள். ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே காசு போகும்படி திரை அமைக்கப்பட்டிருந்தது, பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளைகளிடம் பணம் வாங்கப்பட்டது என்பவை ஆணையத்தின் குற்றச்சாட்டுகள். வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 24 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. தவறி அழுத்துவது பெரியவர்களுக்கும் நடக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நடக்காதா?

ஆகவே, வீட்டில் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று.

முதலாவது, கார்டு எண்ணைக் கருவியில் பதிந்து வைக்காதீர்கள். வேண்டும்போது அளவான தொகைக்கு முன்பண அட்டை வாங்கிக் கொடுங்கள். பிளேஸ்டேஷனில் பிள்ளையின் கணக்குக்கு மாதச் செலவு வரம்பு போடலாம். எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு முறையும் பெற்றோரிடம் கேட்ட பிறகே வாங்கும்படி செய்யலாம். நிண்டெண்டோவிலும் வாங்குவதைத் தடுக்கும் வசதி இருக்கிறது. கால்மணி நேர வேலைதான்.

இரண்டாவது, அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். 2020 முதல், தற்செயல் பொருள்களைக் காசுக்கு விற்கும் விளையாட்டு என்றால் அமெரிக்கத் தரச் சின்னத்தின் அருகில் அதைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். சிறிய எழுத்துதான், ஆனால் பெரிய செய்தி.

மூன்றாவது, வெளியான அன்றே வாங்க ஓடாதீர்கள். ஓய்வுநேர ஆட்டக்காரருக்கு உள்ள பெரிய பலமே அவசரம் இல்லாததுதான். ஆறு மாதம் பொறுத்தால் விலையும் குறையும், எது முட்டை, எது உப்பு என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். பேட்டில்ஃப்ரண்ட் 2 விளையாட்டை ஆறு மாதம் கழித்து வாங்கியவருக்கு டார்த் வேடர் பூட்டில்லாமல் கிடைத்தார்.

அன்பர்களே, கூடுதல் கட்டணம் வசதியா, வஞ்சனையா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. கொடுக்கும் முன்பே கிடைப்பது என்னவென்று தெரிந்தால், கொடுக்காதவரின் ஆட்டமும் முழுமையாக இருந்தால், அது வசதி. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வஞ்சனை. தீவிர ரசிகர்கள் இணையத்தில் குரல் கொடுத்து ஒரு பெரிய நிறுவனத்தையே பணிய வைத்தார்கள். ஓய்வுநேர ஆட்டக்காரருக்கு அப்படிக் குரல் கொடுக்க நேரமில்லை. ஆனால், பணப்பை அவர் கையில்தான் இருக்கிறது. நல்ல சரக்குக்கு அதைத் திறக்கட்டும், உப்புக்கு விலை கேட்பவரிடம் மூடிக்கொள்ளட்டும்.